நட்சத்திர மீனும் ரோஜா முள்ளும்

1882-ஆம் வருஷத்தின் கடைசியில், ஸிஸிலித் தீவில் மெஸ்ஸினா என்ற துறைமுகப் பட்டணத்தில் ஒரு ருஷ்யக் குடும்பம் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருந்தது. ஒரு நாள் வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போனார்கள். குரங்குகள் ஏதோ அபூர்வமான வித்தைகள் செய்து காட்டுவதாகக் கேள்வி. வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. மைக்ராஸ்கோப்பும் தாமுமாகத் தனியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பெயர் இலியா மெச்னிகாஃப். வயது முப்பத்தேழு. பிராணி சாஸ்திரத்தில் பெயர் எடுத்தவர். ஒடெஸ்ஸா சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்து, அங்கே அரசியல் தொல்லை பொறுக்க முடியாமல் அந்த வருஷந்தான் வேலையை விட்டிருந்தார். மைக்ராஸ்கோப்பின் கீழே கிடந்தது நட்சத்திர மீனின் குஞ்சு. கண்ணாடி போன்ற உடம்பு. உள்ளே நடப்பது அத்தனையும் வெளியே தெரியும். அந்த உடம்புக்குள் சில உயிரணுக்கள் ஓரிடத்தில் நில்லாமல் ஊர்ந்து திரிந்துகொண்டிருந்தன. இப்படிப்பட்ட அணுக்கள் இரையை விழுங்கிச் செரிப்பதை அவர் முன்பே பல பிராணிகளிடம் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஒரு புதுச் சந்தேகம் எழுந்தது. இரையை விழுங்குகிறவை, உடம்புக்குள் புகுந்த பகையை மட்டும் ஏன் விழுங்கக் கூடாது? நம் விரலில் சிராய் ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறதே, அது என்ன?

எழுந்து அறைக்குள் மேலும் கீழும் நடந்தார். பிறகு வீட்டை ஒட்டிய சிறு தோட்டத்துக்குப் போனார். சில நாட்களுக்கு முன்னால் குழந்தைகளுக்காக ஓர் ஆரஞ்சுச் செடியைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்த தோட்டம் அது. ரோஜாச் செடியிலிருந்து முட்களைப் பறித்து வந்து, நட்சத்திர மீன் குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தார். முள்ளைச் சுற்றிலும் அந்த ஊர்ந்து திரியும் அணுக்கள் திரண்டு மொய்த்துக்கொண்டிருந்தன.

நோய் எதிர்ப்பைப் பற்றிய ஒரு பெரிய சாஸ்திரம் பிறந்த கதை இது. இதைச் சொன்னவரும் அவரேதான். 1908 டிசம்பர் 28-ஆம் தேதி பூகம்பத்தில் மெஸ்ஸினா நகரம் தரைமட்டமானபோது, அங்கே தாம் கழித்த நாட்களை நினைத்து எழுதிய கட்டுரையில்தான் இதெல்லாம் வருகிறது. கால் நூற்றாண்டு கழித்து வந்த நினைவு. சர்க்கஸ், குரங்கு, கிறிஸ்துமஸ் மரம், ரோஜா முள் - கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த அமைப்பைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகம் தட்டத்தான் செய்கிறது. வாழ்க்கை இவ்வளவு கச்சிதமாக அத்தியாயம் பிரித்துக் கொடுப்பதில்லை. ஆனால் முள்ளும் மீனும் பொய்யில்லை. அந்தப் பரீட்சையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள்.

விஞ்ஞானம் எனக்குச் சொந்தத் துறை அல்ல. கல்லூரியில் நான் கற்ற பிராணி சாஸ்திரம் கரப்பான்பூச்சியை அறுத்ததோடு சரி. மெச்னிகாஃப் என்ற மனிதர்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தார். அவருடைய முதல் மனைவி லுத்மிலாவுக்குக் க்ஷயரோகம். 1869-ல் கல்யாணத்தன்று மணப்பெண்ணால் நடந்து வர முடியவில்லை. நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கி வந்தார்கள். நாலு வருஷம் ஊர் ஊராக, தீவு தீவாக, வெயில் தேடி அவளை அழைத்துப் போனார். 1873-ல் மதீரா தீவில் அவள் இறந்தாள். மெச்னிகாஃப் மார்பியாவை அள்ளிக் குடித்தார். அளவு மிஞ்சியதால் வாந்தியாகி, உயிர் பிழைத்தார். பிறகு ஓல்காவை மணந்தார். அவளுக்கு டைபாய்டு வந்து அபாயமாக இருந்த சமயத்தில், விட்டு விட்டு வரும் ஒரு வகைக் காய்ச்சலின் கிருமியைத் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார். அந்தத் தடவையும் சாகவில்லை. இரண்டு தடவை உயிரை உதற முயன்ற மனிதர், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தைக் கண்டுபிடித்தார். நான் இதை ஒரு நாவலில் எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறேன் என்று விமரிசகர்கள் சொல்லியிருப்பார்கள்.

அந்த அணுக்களுக்கு ‘ஃபேகோஸைட்’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ‘விழுங்கும் அணு’ என்று பொருள். வியன்னாவில் இருந்த ஒரு சிநேகிதர் சொல்லிக் கொடுத்த பெயர் அது. 1884-ல் தண்ணீரில் வாழும் டாஃப்னியா என்ற நுண்ணிய பூச்சியில் இன்னொரு காட்சியைக் கண்டார். ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் அதன் குடலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகின்றன. விழுங்கும் அணுக்கள் ஓடி வந்து அவற்றைப் பற்றிக் கரைக்கின்றன. கரைத்துவிட்டால் பூச்சி பிழைக்கிறது. ஒரு வித்துத் தப்பி முளைத்துவிட்டால் பூச்சி செத்துப் போகிறது.

இது ஏன் பெரிய செய்தி என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை அணுக்களின் வயிற்றுக்குள் கிருமிகள் கிடப்பதை வைத்தியர்கள் அதற்கு முன்பும் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த அணுக்கள்தாம் கிருமிகளை ஊட்டி வளர்த்து, உடம்பெங்கும் சுமந்து சென்று பரப்புகின்றன என்று பலர் நினைத்தார்கள். திருடனைப் பிடித்த காவற்காரனையே திருடனின் கூட்டாளி என்று முடிவு கட்டிவிட்ட மாதிரி.

ஜெர்மானியர்கள் மெச்னிகாஃபை லேசில் விடவில்லை. பெர்லினில் ராபர்ட் கோக் என்ற மகா மேதை கொடி கட்டிப் பறந்த காலம். மெச்னிகாஃப் நேரில் போய்த் தம்முடைய மாதிரிகளைக் காட்டியும் அவர் முகம் கொடுக்கவில்லை. 1890-ல் கோக்கின் நிலையத்தில் பேரிங் என்பவரும், கிடசாட்டோ என்ற ஜப்பானியரும், டிப்தீரியாவையும் டெட்டனஸையும் எதிர்க்கும் பொருள் இரத்தத்தின் தெளிவான நீரில், ஸீரத்தில், இருப்பதாக நிரூபித்தார்கள். அணுவாவது, விழுங்குவதாவது! எதிர்ப்பு எல்லாம் நீரில்தான் என்று கட்சி கட்டினார்கள். 1894-ல் கோக்கின் சிஷ்யர் ரிச்சர்டு பைஃபர், காலராக் கிருமிகள் கினிப்பன்றியின் வயிற்றறைக்குள் எந்த அணுவும் தொடாமலே கரைந்து போவதைக் காட்டினார். மெச்னிகாஃபுக்கு அது பலத்த அடி. அவர் ஒடெஸ்ஸாவை விட்டு 1888-லேயே பாரிஸுக்குப் போய், பாஸ்டர் நிலையத்தில் இடம் பெற்றிருந்தார். பைஃபர் கண்டதன் காரணத்தை விளக்கியவர், மெச்னிகாஃபின் சொந்தப் பரிசோதனைச் சாலையிலேயே வேலை செய்த ஜூல் போர்டே என்ற இளைஞர். ஸீரத்தில் இரண்டு பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன; ஒன்று முன்பே நோய் கண்டவர்களிடம் மட்டும் உள்ள எதிர்ப்பொருள், மற்றொன்று எல்லார் இரத்தத்திலும் எப்போதும் உள்ளது என்று அவர் சொன்னார். எப்போதும் உள்ள அந்த இரண்டாவது பொருளை இன்றைய சாஸ்திரம் பிறவி எதிர்ப்புச் சக்தியின் கணக்கிலேதான் எழுதுகிறது. ஜெர்மானியர் வெற்றி என்று கொண்டாடியதில் பாதி, அப்படிப் பார்த்தால், எதிர்க் கட்சியினுடையது.

இந்தச் சண்டையின் ஒரு கிளை நம் நாட்டுக்கும் வந்தது. ஒடெஸ்ஸாவில் மெச்னிகாஃபிடம் படித்த ஹாஃப்கின், 1893-ல் காலராத் தடுப்பு மருந்துடன் கல்கத்தாவில் இறங்கினார். 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பு மருந்தை முதலில் தம் உடம்பிலேயே குத்திப் பார்த்துக்கொண்டார். குருவின் பழக்கம் சிஷ்யருக்கும் இருந்திருக்கிறது.

1908-ல் நோபல் பரிசுக் கமிட்டி, மெச்னிகாஃபுக்கும், எதிர்ப்பொருள் கட்சியின் பெரிய தலைவரான ஜெர்மானியர் பால் எர்லிக்குக்கும் பரிசைப் பாதிப் பாதியாகக் கொடுத்தது. பஞ்சாயத்தார் இரு தரப்பையும் சமாதானம் செய்து வைக்கிற மாதிரிதான். ஆனால் உண்மையில் பஞ்சாயத்துத் தீரவில்லை. அதற்குப் பின் ஏறக்குறைய எண்பது வருஷம் எர்லிக்கின் கட்சிதான் அரசாண்டது. எதிர்ப்பொருளின் வடிவம், அது உண்டாகும் விதம், ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியே அது எப்படிப் பொருந்துகிறது என்ற கேள்விகளில் மேதைகள் மூழ்கினார்கள். 1972, 1984, 1987 என்று வரிசையாக நோபல் பரிசுகள் அந்தப் பக்கமே போயின. அந்தப் பரிசுகள் தகாதவை என்று நான் சொல்ல வரவில்லை; அம்மை ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வராததன் இரகசியம் அங்கேதான் கிடைத்தது. ஆனால் விழுங்கும் அணுக்களை வீடு கூட்டுகிற வேலைக்காரர்களாகவே வைத்திருந்தார்கள். குப்பையை அள்ளும்; வேறென்ன தெரியும் அவற்றுக்கு என்ற நினைப்பு.

1989-ல் அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானக் கூட்டத்துக்கு எழுதிய முன்னுரையில், யேல் சர்வகலாசாலையின் சார்லஸ் ஜேன்வே ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார். தடுப்பூசி செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் உரக்கப் பேசாத விஷயம் அது. சுத்தமான புரதப் பொருள் ஒன்றை உடம்பில் குத்தினால் எதிர்ப்பொருள் சரியாக உண்டாவதில்லை. கூடவே கொஞ்சம் ‘அழுக்கு’ வேண்டும்: படிகார இனத்து அலுமினிய உப்பு, அல்லது செத்த காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் குழைத்த கலவை. ஏன் அப்படி? ஜேன்வே சொன்ன பதில் இது. எதிர்ப்பொருள் செய்யும் படை தானாக எழுந்து வராது. வந்திருப்பது கிருமிதான் என்று யாராவது அடையாளம் கண்டு சங்கு ஊத வேண்டும். அந்தச் சங்கு, ஏளனமாக நினைத்த அந்தப் பழைய அணுக்களிடம்தான் இருக்க வேண்டும். கிருமிகளிடம் மட்டும் உள்ள, நம் உடம்பில் இல்லாத சில பொருள்களை அறியும் புலன் அவற்றுக்குப் பிறவியிலேயே அமைந்திருக்க வேண்டும்.

கையில் சான்று ஒன்றும் இல்லை, வெறும் அனுமானம். சான்று வந்தது பழ ஈயிடமிருந்து.

வாழைப்பழத் தட்டில் மொய்க்கிறதே, அந்த ஈதான். அதன் முட்டையில் முதுகு எது, வயிறு எது என்று வகுக்கும் ஒரு மரபணுவுக்கு ‘டோல்’ என்று பெயர். கண்டுபிடித்த ஜெர்மன் அம்மையார் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு ஆச்சரியத்தில் சொன்ன வார்த்தை அப்படியே பெயராகிவிட்டது. ஜெர்மன் பாஷையில் ‘பலே!’ என்ற மாதிரி. நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திப் பணம் வாங்குகிற டோலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1996-ல் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஜூல் ஹாஃப்மனின் பரிசோதனைச் சாலையில், இந்த மரபணு கெட்டுப் போன ஈக்களுக்குப் பூஞ்சைத் தொற்றை உண்டாக்கினார்கள். ஈக்கள் செத்தன. செத்த ஈயின் உடம்பெங்கும் பூஞ்சை நூல்கள் தாடி போல் முளைத்திருக்கிற புகைப்படம் பிரசித்தமானது. எதிர்ப்பொருள் என்ற பேச்சே இல்லாத ஒரு ஜீவனைக் காத்து வந்தது டோல். மறு வருஷம் ஜேன்வேயும், தாஷ்கண்டிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்த ருஸ்லான் மெட்ஜிட்டோவும், இதே வம்சத்துப் பொருள் மனிதரிடமும் உண்டு என்று காட்டினார்கள்.

அது என்ன கிருமியை எப்படி உணர்கிறது என்ற கேள்வி பாக்கி. இந்த இடத்தில்தான் பழைய எதிராளி பைஃபர் மறுபடி மேடைக்கு வருகிறார். 1892-லேயே அவர், காலராக் கிருமிகள் செத்த பிறகும் அவற்றின் உடலோடு ஒட்டிய ஒரு விஷம் மிருகங்களைக் கொல்கிறது என்று கண்டு, அதற்கு ‘எண்டோடாக்ஸின்’ என்று பெயரிட்டிருந்தார். நூறு வருஷமாக அந்த விஷம் எப்படிக் கொல்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அமெரிக்கப் பரிசோதனைச் சாலைகளில் ஒரு சுண்டெலி வம்சம் இருந்தது. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு விஷத்தைக் கொடுத்தாலும் அந்த எலிகள் பாட்டுக்குத் தின்றுகொண்டு திரியும். அவற்றின் மரபில் எங்கோ ஒரு பிழை. டல்லாஸ் நகரத்தில் புரூஸ் பாய்ட்லர் அந்தப் பிழையை வருஷக்கணக்கில் தேடி, 1998-ல் பிடித்தார். டோல் வம்சத்து மரபணு ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பைஃபர் கண்ட விஷத்தை மோப்பம் பிடிக்கும் புலன், மெச்னிகாஃபின் விழுங்கும் அணுக்களின் மேலே இருக்கிறது!

நான் படித்தவற்றில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இந்த எலிகள்தாம். அவற்றுக்கு விஷம் தெரியாது. ஆகவே விஷத்தால் சாவதில்லை. ஆனால் உயிருள்ள ஸால்மொனெல்லாக் கிருமியைக் கொஞ்சம் கொடுத்தால் மற்ற எலிகளுக்கு முன்னால் செத்துப் போகின்றன. காரணம், காவற்காரனுக்கு மூக்கு இல்லை. அப்படியானால் சாதாரண எலியை எண்டோடாக்ஸின் கொல்கிறது என்றால், யார் கொல்கிறார்கள்? விஷமா? விஷத்தை மோந்த காவற்காரன் கூச்சலிட்டு ஊரையே கொளுத்திவிடுகிறான். இரத்தக் குழாய்கள் கசிகின்றன, இரத்த அழுத்தம் வீழ்கிறது, சிறுநீரகம் நின்று போகிறது. ‘ஸெப்ஸிஸ்’ என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நிலை 2017-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு வந்தது என்றும், அதில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் ஓர் ஆராய்ச்சிக் கணக்கு. காவற்காரன் வாயைக் கட்டிவிட்டால் போதுமே என்று அந்த டோல் புலனை மறைக்கும் மருந்து ஒன்று செய்து, ஸெப்ஸிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் வந்த முடிவு: இறப்பு குறையவில்லை. மருந்து வருவதற்குள் ஊர் பற்றி எரிந்துவிடுகிறது போலும்.

2021 மே மாதம் என் நண்பர் ஒருவர் கோவிட்டில் இறந்தார். என்னோடு ஒரே பத்திரிகையில் எழுதியவர். பத்தாம் நாள் வரை கட்டிலில் உட்கார்ந்து போனில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தவர். பிறகு அவருடைய டாக்டர் சொன்னார்: “கிருமி இப்போது குறைந்துதான் இருக்கிறது, ஸார். அவர் உடம்பே அவர் நுரையீரலை அடிக்கிறது.” அந்த வாக்கியம்தான் என்னை இந்தப் புஸ்தகங்களிடம் கொண்டுபோய் விட்டது.

அந்த டாக்டர் சொன்னதை விஞ்ஞானிகள் அதற்கு முன் வருஷமே கண்டிருந்தார்கள். 2020 ஜூனில் இங்கிலாந்தில், அழற்சியை அடக்கும் டெக்ஸாமெதஸோன் என்ற பழைய, மலிவான மருந்தை ஆயிரக்கணக்கான கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சுவாச யந்திரத்தில் இருந்தவர்களிடையே சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிராணவாயு தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கோ ஒரு பயனும் இல்லை. தீ பிடித்த வீட்டில் தண்ணீர் ஊற்றலாம். தீ பிடிக்கு முன்னால் காவற்காரன் மேலே ஊற்றி என்ன லாபம்? நம் நாட்டில் அந்த வகை மருந்தை வேளை, அளவு பாராமல் சாப்பிட்டவர்களும், சர்க்கரை வியாதி கட்டுக்கடங்காதவர்களுமாகப் பலர் 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானார்கள். அந்தச் செய்திகளைப் பின்னாளில் திருப்பிப் படித்தபோது, தாடி முளைத்த அந்த ஈயின் படம் எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. கிருமி புகுந்த முதல் நாட்களில் அண்டை அணுக்களை எச்சரிக்கும் ‘இன்டர்ஃபெரான்’ என்ற பொருள் ஒன்று இருக்கிறது. கோவிட்டில் உயிருக்குப் போராடியவர்களில் பத்தில் ஒருவருக்கு, அந்தப் பொருளையே தாக்கி அழிக்கும் எதிர்ப்பொருள் அவர்களுடைய இரத்தத்தில் இருந்ததாக 2020-ல் கண்டார்கள். பெரும்பாலோர் ஆண்கள். முதலில் குரல் எழும்பவில்லை, பிறகு அடங்கவில்லை.

2011-ல் நோபல் பரிசு மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. ஹாஃப்மன், பாய்ட்லர் இருவருக்கும் பாதி. பிறவி எதிர்ப்புச் சக்திக்கும் எதிர்ப்பொருள் படைக்கும் நடுவே தூது போகும் அணுவை 1973-ல் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மனுக்குப் பாதி. அக்டோபர் 3-ஆம் தேதி அறிவித்தார்கள். ஸ்டைன்மன் அதற்கு மூன்று நாள் முன்னால் இறந்துவிட்டார். கணையத்தில் புற்றுநோய். தாம் கண்ட அணுவைக் கொண்டே தமக்கு வைத்தியம் செய்துகொண்டு, நாலரை வருஷம் தாக்குப்பிடித்தவர். இறந்தவருக்குப் பரிசு இல்லை என்பது விதி. உயிரோடிருப்பதாக நம்பி அறிவித்ததால் பரிசு நிலைத்தது. ஜேன்வே 2003-லேயே போய்விட்டார். மெட்ஜிட்டோவை விட்டது அநியாயம் என்று விஞ்ஞானிகள் பலர் எழுதினார்கள். ஈக்களை வைத்துப் பரீட்சை செய்த புரூனோ லெமேத்ர் என்பவர், வேலை செய்தது நான், பெயர் வாங்கியது தலைவர் என்று பகிரங்கமாகச் சொன்னார். இந்தப் பங்காளிச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை; ஆனால் ஜேன்வேயின் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

விழுங்கும் அணுக்களுக்கு ஞாபகம் கிடையாது என்பது நெடுங்காலப் பாடம். இப்போது அதுவும் ஆட்டம் கண்டிருக்கிறது. நம்மில் பலர் தோளில் பி.ஸி.ஜி. தழும்பு இருக்கிறது. பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த கால்மெட், கேரான் இருவரும் ஆக்கி, 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்து. சென்னையில் கிண்டியில் 1948-ல் இதைச் செய்யத் தொடங்கினார்கள். செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ல் ஆரம்பித்த பெரிய பரீட்சை, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் இது தடுப்பதில்லை என்று முடிந்து எல்லாரையும் சோர வைத்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோயைத் தடுக்கிறது என்பதால் ஊசி தொடர்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவில் கினி-பிஸ்ஸாவ் நாட்டில், எடை குறைந்து பிறந்த சிசுக்களுக்கு இதைப் போட்டபோது, காசநோய்க்குச் சம்பந்தமில்லாத சாவுகளும் குறைவதாகத் தெரிந்தது. 2012-ல் நெதர்லாந்தில் மிஹாய் நேட்டேயா என்பவரும் கூட்டாளிகளும் காரணம் தேடினார்கள். ஊசி போட்டு மாதங்கள் கழித்தும், விழுங்கும் அணு இனத்தைச் சேர்ந்த இரத்த அணுக்கள் வேறு கிருமிகளைக் கண்டாலும் முன்னைவிட வேகமாகப் பாய்ந்தன. பழகிய கை, பயிற்சி பெற்ற கை. அதனால் கோவிட்டையும் பி.ஸி.ஜி. தடுக்கும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். மருத்துவ ஊழியர்களை வைத்து நடத்திய பெரிய பரீட்சையின் முடிவு 2023-ல் வந்தது, தடுக்கவில்லை.

மெச்னிகாஃப் தம் கடைசிக் காலத்தில் முதுமையைப் பற்றியே சிந்தித்தார். மோர் குடித்தால் நீடித்து வாழலாம் என்று அவர் சொன்னதை உலகம் பிடித்துக்கொண்டது. நமக்கு அது செய்தியே அல்ல. ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார். வயதாக ஆக, விழுங்கும் அணுக்கள் நம் உடம்பையே தின்னத் தொடங்குகின்றன. தலைமயிர் நரைப்பதுகூட அவை நிறத்தைத் தின்பதால்தான் என்றார். நரையைப் பற்றிய அந்த விளக்கம் நிற்கவில்லை. எண்ணத்தின் கரு நின்றது. இரத்தக் குழாயில் படியும் கொழுப்பைத் தின்று, வீங்கி, அங்கேயே குழாயை அடைப்பவை இந்த அணுக்கள்தாம் என்பது இன்று தெரிந்த விஷயம். மெச்னிகாஃப் 1916-ல் பாரிஸில் இதயம் நலிந்து இறந்தார்.

மாரடைப்பு ஒரு முறை வந்து பிழைத்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து, அந்த அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி மருந்து ஒன்றைப் பரீட்சித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. 2017-ல் முடிவு வந்தது. கொழுப்பின் அளவு மாறவில்லை. அப்படியும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறத்தாழ 15 சதவிகிதம் குறைந்திருந்தன. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே கிருமித் தொற்றினால் இறந்தவர்கள் அதிகம். மறு வருஷம் அமெரிக்க அரசாங்கம் இதய நோய்க்கு அந்த மருந்தை அனுமதிக்க மறுத்துவிட்டது.